காரீயம் உருகும் வீடுகள்

இது சற்றே நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

அமெரிக்கர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் காரீயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கும் காணொளி ஒன்று சில நாள்களாக நம் நண்பர்களின் பக்கங்களில் சுற்றி வருகிறது. பாதிப் பேர் அதை வன்முறையின் விளைநிலம் என்றார்கள். மீதிப் பேர் கைத்திறன் என்று வியந்தார்கள். உலோகவியலில் ஆய்வு செய்கிறவன் என்பதால் என் கருத்தையும் சிலர் கேட்டிருந்தார்கள். என் கருத்து இரு தரப்புக்கும் உவப்பாக இராது. அந்த மனிதர் செய்வது எனக்குப் பெரிதாக அச்சமூட்டவில்லை. அவர் பொழுதுபோக்காகச் செய்கிற அதே வேலையை, அவருக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்கும் சொல்லப்படாமல், வயிற்றுக்காகச் செய்துகொண்டிருக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அவர்களைப் பற்றி நம் பக்கங்களில் எந்தக் காணொளியும் சுற்றுவதில்லை.

முதலில் அமெரிக்கரைப் பார்த்துவிடுவோம். அவர்களுக்கு இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. 1776ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று நியூயார்க்கில் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டுக் கிளர்ந்த கூட்டம், பௌலிங் கிரீன் என்னுமிடத்தில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் சிலையைக் கயிறு கட்டி வீழ்த்தியது. பொன்முலாம் பூசிய காரீயச் சிலை அது. அதன் துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்து லிட்ச்ஃபீல்டில் இருந்த ஆலிவர் வுல்காட்டின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே பெண்களும் சிறுவர்களுமாக உட்கார்ந்து மன்னனை உருக்கி 42,088 குண்டுகளாக வார்த்தார்கள். யார் யார் எத்தனை வார்த்தார்கள் என்ற கணக்கும் எழுதிவைக்கப்பட்டது. எந்த மன்னனின் சிலையோ அந்த மன்னனின் படைமீதே அது குண்டாகப் பாயப் போகிறது என்ற எள்ளல் அந்த மக்களுக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் குண்டு வார்ப்பதை ஒருவகைக் குடிமைப் பெருமிதமாக இன்றுவரை அவர்கள் காண்பதற்கு இப்படிப்பட்ட கதைகளும் காரணம்.

ஏன் காரீயம்? விடை எளியது. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை 7.87 கிராம், காரீயத்தின் எடை 11.34 கிராம். சிறிய உருவில் அதிக எடை என்பதே குண்டுக்கு வேண்டிய குணம். அதைவிட முக்கியமானது, 327 பாகை செல்சியஸில் அது உருகிவிடுகிறது என்பது. இரும்பை உருக்க உலைக்கூடம் வேண்டும். காரீயத்தை உருக்கச் சமையலறை அடுப்பு போதும். உலோகங்களுள் இவ்வளவு எளிதில் வசப்படுவது, இவ்வளவு மலிவானது வேறில்லை. மனித குலம் அதனிடம் ஏமாந்த வரலாறு முழுவதும் இந்த எளிமையிலிருந்தே தொடங்குகிறது.

வெறுங் காரீயம் மிக மென்மையானது. துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். ஆகவே சிறிது வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலப்பார்கள். வெள்ளீயம் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பரவ உதவுகிறது. ஆன்டிமனி கடினம் தருகிறது. இந்தக் கலவைக்காக அமெரிக்க வார்ப்பாளர்கள் தேடி அலைந்த பழம்பொருள்கள் இரண்டு. ஒன்று, கார்ச் சக்கரத்தைச் சமன்செய்ய விளிம்பில் பொருத்தும் எடைத்துண்டுகள். இப்போது பல மாநிலங்களில் அவற்றுக்குக் காரீயம் தடைசெய்யப்பட்டு, துத்தநாகமும் எஃகும் வந்துவிட்டன. ஒரு துத்தநாகத் துண்டு தவறி விழுந்தால் பாத்திரம் முழுவதும் கெட்டது என்று அவர்கள் புலம்புவார்கள். மற்றொன்று, அச்சகத்து எழுத்துலோகம். ஆம், நம் தாத்தாக்களின் காலத்தில் நாவல்களும் நாளிதழ்களும் அச்சான அதே காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனிக் கலவைதான். நம் ஊர் அச்சுக்கூடங்கள் கணினிக்கு மாறியபோது எழுத்துப் பெட்டிகள் எடைக்குப் போயின. எத்தனை அகரங்கள் எங்கெங்கே உருகி என்னவாயினவோ!

இடையே ஒரு சொல் விளக்கம் அவசியமாகிறது. தமிழில் ‘ஈயம்’ என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்கிவருகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம். நான் பேசிக்கொண்டிருப்பது காரீயம். வெள்ளீயத் தகட்டை வளைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்கும். காரீயம் ஓசையின்றி வளையும், தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலப்பது தொன்றுதொட்டு நடக்கும் மோசடி. புளியும் தக்காளியும் கொதிக்கும் சொம்பில் அந்தக் கலப்படம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாரம்பரியச் சமையலின் பெருமையைப் பேசும் நண்பர்கள், சொம்பு வாங்கும் கடையில் உலோகச் சோதனைச் சான்றையும் கேட்பார்களாக.

இனி, நச்சைப் பற்றி. காணொளியின் கீழே பலரும் ‘அந்தப் புகையைச் சுவாசித்தாலே செத்துவிடுவான்’ என்று எழுதியிருந்தார்கள். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. காரீயத்தின் கொதிநிலை 1,749 பாகை. குண்டு வார்ப்போர் பயன்படுத்தும் 350, 400 பாகை வெப்பத்தில் அதன் ஆவியழுத்தம் புறக்கணிக்கத்தக்க அளவே. ஆபத்து வேறு வடிவில் வருகிறது. உருகிய காரீயத்தின் மேற்பரப்பு காற்றுபட்டு ஆக்சைடாகிச் சாம்பற்பொடியாகப் படிகிறது. அந்தக் கசடை வழிக்கும்போதும், கொட்டும்போதும், பெருக்கும்போதும் நுண்தூள் எழுகிறது. அது கையில் ஒட்டுகிறது, சட்டையில் ஒட்டுகிறது, மேசையில் படிகிறது. கைவழியே வாய்க்குப் போகிறது. மூக்கைவிட வாய்தான் இங்கே பெரிய வாசல். அடுத்தது நீர். உருகிய உலோகத்துள் ஒரு துளி நீர் மாட்டிக்கொண்டாலும் அது நொடியில் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகி, பாத்திரத்தின் உள்ளடக்கத்தை முகத்தில் வாரி இறைக்கும். அனுபவமுள்ள வார்ப்பாளர்கள் இவ்விரண்டையும் நன்கறிவார்கள். கண்காப்பும் கையுறையும் அணிவார்கள். வேலை முடித்துக் குளிப்பார்கள். ஆண்டுதோறும் இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

உண்மையில், வார்ப்பதைவிடச் சுடுவதுதான் அவர்களுக்கு அதிகக் கேடு தருகிறது என்பதும் வியப்பான செய்தி. தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்பும் கலவையில் லெட் ஸ்டைஃப்னேட் என்ற காரீயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் அது மிக நுண்ணிய துகளாகக் காற்றில் கலக்கிறது. மூடிய அரங்குகளில் பயிற்சி செய்வோரின் இரத்தத்தில் காரீயம் ஏறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். நம் நாட்டிலும் உள்ளரங்குப் பயிற்சி பெருகிவருகிறது. பதக்கக் கனவோடு போகும் பிள்ளைகளின் பெற்றோர் அரங்கின் காற்றோட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு வைக்கலாம்.

அந்தப் பொழுதுபோக்காளரிடம் எனக்கு இரண்டு மனத்தாங்கல்கள் உண்டு. குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது. கொட்டகை தனியாக இருந்தாலும் செருப்பின் அடியும் சட்டையின் மடிப்பும் வீட்டுக்குள் வந்துதான் தீரும். மற்றது, அந்தக் குண்டால் அவர் வேட்டையாடுவது. கலிபோர்னியாவின் காண்டர் கழுகு 1982இல் உலகில் மொத்தம் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. பெருமுயற்சியால் அதை மீட்டு மறுபடி காட்டில் விட்டார்கள். வேட்டைக்காரன் விட்டுச்சென்ற குடலிலும் சடலத்திலும் சிதறிக் கிடந்த காரீயத் துணுக்கைத் தின்று அவை மீண்டும் மடிந்தன. காட்டில் திரியும் காண்டர்களின் சாவுக்கு இன்றும் முதற்காரணம் காரீய நஞ்சுதான். 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் அம்மாநிலம் வேட்டையில் காரீயக் குண்டை முற்றாக விலக்கியது. செம்புக் குண்டு சந்தையில் கிடைக்கும்போது, தன் விளையாட்டுக்காக ஓர் இனத்தை மறுபடி விளிம்புக்குத் தள்ளும் உரிமை யாருக்கும் இல்லை என்பதே என் நிலைப்பாடு. இதற்கப்பால் அவர் தம் உடம்போடு நடத்தும் சோதனை அவர் விருப்பம். அவருக்குத் தெரியும், அவரால் நிறுத்தவும் முடியும்.

இந்தியாவில் இது பொழுதுபோக்காக முளைக்க வழியில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி வெடிபொருள் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. தோட்டாவின் உறுப்புகளும் அதைச் செய்யும் கருவிகளும்கூட அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அது அப்படியே இருக்கட்டும். யாரும் ஆசைப்பட்டுவிட வேண்டாம். (நான் ஆய்வு செய்யும் கொல்கத்தாவின் விமான நிலையம் இருப்பது டம்டத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த ஆயுதச்சாலையில் பெர்ட்டி கிளே என்ற கேப்டன், மேலுறையின் முனையைத் திறந்து உள்ளிருக்கும் காரீயத்தை வெளியே தெரியவிட்ட குண்டு ஒன்றைச் செய்தார். உடம்பில் பாய்ந்ததும் மலர்ந்து சதையைக் குதறும் அந்த வகைக் குண்டுகளை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் போரில் விலக்கியது. ஊரின் பெயர் மட்டும் உலக அகராதிகளில் இன்னும் குண்டின் பெயராகவே நிற்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன பங்கு?)

சட்டம் குண்டைக் கண்டு இத்தனை விழிப்பாக இருக்கிறது. காரீயத்தைக் கண்டு? அங்கேதான் என் வாதம் தொடங்குகிறது.

உலகில் பயன்படும் காரீயத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் மின்கலங்களுக்கே போகிறது. ஸ்கூட்டர், ஆட்டோ, மின்வெட்டுக்கு நாம் வாங்கி வைத்த இன்வெர்ட்டர், இப்போது மின்-ரிக்‌ஷா என எங்கு நோக்கினும் காரீய-அமில பேட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். மூன்று நான்கு ஆண்டுகளில் அது சாகிறது. செத்ததைப் பழைய இரும்புக் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை.

அதில் ஒரு பகுதி, நகரங்களின் விளிம்புகளில், செங்கற்சுவர் மறைவில், சில வேளை குடியிருக்கும் வீட்டின் பின்கட்டிலேயே உடைக்கப்படுகிறது. கோடரியால் பெட்டியைப் பிளப்பார்கள். அமிலம் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகும். உள்ளே இருக்கும் சட்டகம் உலோகக் காரீயம். அது அமெரிக்கரின் பாத்திரத்தில் உருகுவதுபோல் எளிதில் உருகும். ஆனால் சட்டகத்தில் அப்பியிருக்கும் களிம்பு காரீய சல்ஃபேட்டும் ஆக்சைடும் சேர்ந்தது. அதிலிருந்து உலோகத்தைப் பிரிக்கக் கரியிட்டு, துருத்தி ஊதி, ஆயிரம் பாகை அளவுக்குச் சூடேற்ற வேண்டும். இப்போது முன்பு நான் சொன்ன ‘புகையால் ஆபத்தில்லை’ என்ற கணக்குத் தலைகீழாகிறது. அந்த வெப்பத்தில் காரீயம் உண்மையாகவே ஆவியாகிறது, புகையாகிறது, குளிர்ந்து தூளாகித் தெருவெங்கும் படிகிறது. கந்தக-டை-ஆக்சைடு கண்ணை எரிக்கிறது. எரிச்சலைத் தெருவினர் உணர்கிறார்கள்; அதனால் அதையே குறை சொல்கிறார்கள். நிறமும் மணமும் இல்லாமல் படிகிற மற்றதை யாரும் உணர்வதில்லை. ஆடு மேய்ந்த புல்லிலும், கோழி கொத்திய மண்ணிலும், தரையில் தவழ்கிற குழந்தையின் கையிலும் அது இருக்கிறது.

கடற்கரைகளிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. வீச்சுவலையின் விளிம்புக்கு ஈயக்குண்டு வேண்டும். பழைய ஈயத்தை வாணலியில் உருக்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்வார்கள். சமைக்கிற அடுப்பே உலையாகும், சில வீடுகளில் சமைக்கிற கரண்டியே அகப்பையாகும். அதைக் குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். பளபளவென்று உருகி ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இராது? வலை கட்டும்போது குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் தூண்டிலுக்கான சிறிய காரீய எடைகளை அன்னப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்று 1987இலேயே விலக்கிவிட்டார்கள். அன்னத்துக்குக் கிடைத்த கவனம் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்ததா என்று கேட்பது மிகையாகாது என்று நினைக்கிறேன்.

குழந்தைகளைப் பற்றியே ஏன் திரும்பத் திரும்பப் பேசுகிறேன் என்றால், உடலியல் அப்படி அமைந்திருக்கிறது. வளர்ந்தவர் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேரும். குழந்தையின் குடல் பாதிவரை உறிஞ்சிக்கொள்ளும். உடம்புக்குக் காரீயத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் பிரித்தறியத் தெரியாது. எலும்பு கட்டும் பருவத்தில் சுண்ணாம்பென்று நம்பி அதைக் கொண்டுபோய் எலும்பில் வைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அதன் அரையாயுள் ஒரு மாத அளவு, எலும்பில் பத்தாண்டுகள். சிறுமியாக இருந்தபோது எலும்பில் சேர்ந்தது, அவள் தாயாகும்போது கரைந்து கருவுக்குப் போகிறது. இரும்புச்சத்துக் குறைந்த குடல் காரீயத்தை இன்னும் ஆவலாக இழுத்துக்கொள்ளும் என்பது இதில் மிகக் கொடிய பகுதி. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இந்த எண்ணையும் பேட்டரி உடைக்கும் தெருவையும் ஒருசேர மனத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அதன் விளைவு மூளையில். வயிற்றுவலி, வலிப்பு எல்லாம் மிக உயர்ந்த அளவில்தான் வரும். குறைந்த அளவில் எந்த அறிகுறியும் இல்லை. பிள்ளைக்குக் கவனம் நில்லாது, கணக்கு ஏறாது, கோபம் அடங்காது. ஆசிரியர் ‘மக்கு’ என்பார், தந்தை பிரம்பெடுப்பார், பிள்ளை பள்ளியை விட்டு நின்று அதே உலைக்கு வேலைக்கு வரும். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ‘காரீயம்’ என்று ஒரு சொல் ஏறாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1991இல் ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 10 மைக்ரோகிராமை எல்லையாக வைத்தது, 2012இல் 5, 2021இல் 3.5. ஆய்வு முன்னேற முன்னேற எல்லை கீழிறங்கிக்கொண்டே வருகிறது. பாதுகாப்பான அளவென்று ஒன்று கண்டறியப்படவில்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலை. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் கொண்ட குழந்தைகள் உலகில் 80 கோடிவரை இருக்கலாம் என்றது, அவர்களில் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். இது மாதிரிக் கணக்கீடு. ஒவ்வொரு குழந்தையின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்த எண் அன்று. அப்படி எடுத்துப் பார்க்கும் ஏற்பாடே நம்மிடம் இல்லை என்பதுதான் என் குறை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறேன்: தியாரோயி-சுர்-மெர். செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகர், மீனவர் ஊர். பேட்டரி உடைத்த மண்ணைச் சலித்துக் காரீயம் பொறுக்குவது அங்கே பெண்களின் உபதொழிலாயிற்று. காரீய விலை ஏறியதும் மண்ணைச் சாக்குகளில் அள்ளி வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தார்கள். முதலில் காரணம் தெரியவில்லை. இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தவர்களையும் தாய்மாரையும் சோதித்த பிறகே விளங்கிற்று. அந்தத் தாய்மார்களில் யாரும் தீயவர்கள் அல்லர். முற்றத்தில் உட்கார்ந்து குழந்தையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு நாலு காசு சம்பாதிக்க நினைத்தவர்கள்.

நம் சட்டத்தில் இவர்களுக்கு என்ன இடம்? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதல் வரிசையிலேயே காரீய நஞ்சு இருந்தது. ஆனால் அச்சட்டத்தின்படி மின்விசையோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலைசெய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு அவ்வெண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்திவிட்டது. பின்கட்டு உலையில் நான்கு பேர் இருப்பார்கள். பழைய சட்டத்தின் 85ஆம் பிரிவு, ஆள் எண்ணிக்கை குறைந்த இடத்தையும் தொழிற்சாலை என அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது; ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்தினரை மட்டும் கொண்டு நடத்தும் இடத்துக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. அன்று அந்த விலக்கைக் கருணையோடு எழுதியிருப்பார்கள். நெசவும் முறுக்குச் சுற்றலும் அவர்கள் கண்முன் இருந்திருக்கும். ஆனால் காரீயத்தைப் பொறுத்தவரை குடும்பம் என்பதே ஆபத்தின் உச்சம். கூலியாள் மாலையில் வேறிடம் போவான்; குடும்பம் அங்கேயே உண்டு உறங்கும்.

‘ஏழைகளின் பிழைப்பில் கை வைக்கச் சொல்கிறீர்களா?’ என்று இடதுசாரி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காவலரை அனுப்பி உலையை உடைத்தால் உலை அடுத்த ஊருக்கு நகரும், முன்பைவிட ஆழமாக ஒளியும், மாமூல் கூடும். அதை நான் கேட்கவில்லை. இந்த வாணிபத்தின் வேர் விலையில் இருக்கிறது. வரி கட்டி, புகைவடிகட்டி வைத்து, அமிலத்தைச் சுத்திகரித்துச் செயல்படும் ஆலையைவிட இவை எதுவுமில்லாத பின்கட்டு உலை பழைய பேட்டரிக்கு அதிக விலை கொடுக்க முடிகிறது. 2001 விதிகள் விற்பவரே பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றன. 2022 விதிகள் உற்பத்தியாளர் பொறுப்பையும் அதற்கான சான்றிதழ்களையும் கொண்டுவந்தன. தாளில் குறையில்லை. ஆனால் பேட்டரி காசு அதிகம் கிடைக்கும் பக்கமே உருண்டு போகிறது. புதியது வாங்கும்போதே கணிசமான வைப்புத்தொகை பிடித்து, பழையதை உரிய இடத்தில் கொடுத்தால் மட்டுமே திருப்பித் தரும் ஏற்பாடு வேண்டும். உடைக்கும் தொழிலில் இருப்பவர்களைச் சேகரிப்பவர்களாக, முறையான கூலியோடு, அந்தச் சங்கிலிக்குள் கொண்டுவர வேண்டும். சேகரிப்பதில் நஞ்சில்லை. அவர்களிடம் இருக்கும் உண்மையான திறமையும் அதுதான்; எந்தத் தெருவில் எத்தனை பேட்டரி சாகக் காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அரசால் முடியாது என்று மட்டும் சொல்ல வேண்டாம். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் காரீயமில்லாப் பெட்ரோல் வந்தது. அதற்கு முன் வண்டிகள் நின்றுவிடும், பொருளாதாரம் படுத்துவிடும் என்றார்கள். எதுவும் படுக்கவில்லை. இங்கிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் வங்கதேசத்தில், மஞ்சள் பொடிக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட் கலந்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் அது இருந்தது. அரசு சந்தைக்கே கருவியோடு போய்ச் சோதித்தது, மொத்த வணிகருக்குத் தண்டம் விதித்தது, நாளிதழ்களில் எச்சரித்தது. 2021இல் மாதிரிகளில் அது இல்லாமலே போயிற்று. நம்மைவிட வளம் குறைந்த நாடு இரண்டே ஆண்டுகளில் செய்த வேலை இது.

நான் கேட்பதில் முதலாவது, செலவு குறைந்தது: இரத்தச் சோதனை. இரத்தசோகைக்காக அங்கன்வாடிக் குழந்தைகளின் விரலில் ஏற்கெனவே ஊசி குத்துகிறோம். உலை இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்த தெருக்களிலாவது, அந்தக் குத்தலோடு இன்னும் சில துளிகள் எடுத்துக் காரீயத்தையும் பார்க்கலாம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் இந்த ஒரு நஞ்சுக்காகவே பல ஆண்டுகள் உழைத்து ஒரு பரிசோதனை மையத்தை நிறுவிக் காட்டினார். முன்மாதிரி இருக்கிறது, பரவவில்லை. அமெரிக்கப் பொழுதுபோக்காளர் ஆண்டுதோறும் தம் எண்ணை அறிந்துகொள்கிறார். தியாரோயியின் தாய்மாருக்கு அந்த எண்ணை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மண் முற்றத்துக்கு வந்திராது.

இதைப் படிப்பவர்களில் பேட்டரிக் கடை, மின்-ரிக்‌ஷாப் பணிமனை, பற்றவைப்பு வேலை, வலைத்தொழில், துப்பாக்கிப் பயிற்சி என ஏதேனும் ஒருவகையில் காரீயத்தோடு பழகுவோர் இருக்கலாம். அல்லது அப்படிப்பட்டவர்களை அறிந்திருக்கலாம். அவர்களுக்காகச் சில சொற்கள். வேலைச் சட்டையை வேலையிடத்திலேயே கழற்றுங்கள். குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். உண்பதற்கும் பீடி பற்றவைப்பதற்கும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உருக்கிய பாத்திரம் எக்காலத்தும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. குழந்தைக்குக் கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால் என இரும்பும் சுண்ணாம்பும் குறையாமல் கொடுங்கள். வெறும் வயிற்றில் இருக்க விடாதீர்கள். அருகிலிருக்கும் மருத்துவக் கல்லூரியில் ‘இரத்தத்தில் காரீய அளவு’ பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எண் உயர்ந்திருந்தால் முதல் வேலை, காரீயம் வரும் வழியை அடைப்பது. நஞ்சை வெளியேற்றும் மருந்து மிக உயர்ந்த அளவுகளுக்கு உரியது, மருத்துவர் சொல்லாமல் எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சோதனை எங்கே செய்கிறார்கள் என்று அறிந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள்; தொகுத்து வைக்கிறேன்.